ஃப்ரீசரில் உன் எண் மட்டும்

அன்புள்ள சாவிக்கொத்துக்கு,

இங்கு யாரும் நலமில்லை. போனில் பேசினால் குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படி.

குழுவை நடத்துவது எப்படி என்று மூன்று வாரப் பயிற்சிக்குப் போயிருக்கிறாய். சனி, ஞாயிறு எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டு மனம்விட்டுப் பேசச் சொன்னார்களாமே. நல்லது. அந்தச் சனிக்கிழமை மதியம்தான் நம் ஆய்வகத்துப் பெரிய ஃப்ரீசர் நின்றுபோனது. குளிர் குறைந்தால் அது உன் போனுக்கு மட்டும்தான் செய்தி அனுப்பும். "என் நம்பரையும் சேத்துடு" என்று மூன்று முறை கேட்டேன். "எதுக்கு, நான் இருக்கேன்ல" என்றாய். இருந்து கிழித்தாய்.

திங்கள் காலை நான் வந்தபோது தரையெல்லாம் தண்ணீர். நம் மாணவியின் இரத்த மாதிரிகள் நானூற்றுப் பன்னிரண்டும் பாழ். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து சேர்த்தாளே, அவ்வளவும்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். போன் கைக்கு வந்ததும் எங்கள் எல்லோருக்கும் நகல் போட்டு நம் பேராசிரியருக்கு எழுதினாயே, கடைசியாகத் திறந்தவர் கதவைச் சரியாகச் சாத்தியிருக்க மாட்டார் என்று, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கடைசியாகத் திறந்தது அவள்தான், பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் கதவு இறுகச் சாத்தித்தான் இருந்தது, திங்கள் காலை நான்தானே திறந்தேன். கெட்டது கம்ப்ரசர். மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு என்னிடம் இருக்கிறது. எழுதுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? உன் பழைய பேராசிரியர் தன் தப்பை உன் தலையில் கட்டியபோது கழிப்பறையில் நின்று அழுதாயே, மறந்துபோச்சா?

அவளிடம் அந்தச் சீட்டைக் காட்டினேன். "மேடம் தெரியாம சொல்ல மாட்டாங்கக்கா, நான்தான் சரியா சாத்தலை போலிருக்கு" என்கிறாள். கண்ணால் பார்த்த என் பேச்சு எடுபடவில்லை. பார்க்காத உன் பேச்சு அவளுக்கு வேதவாக்கு. படிப்பை விடுவதாகப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதி, கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறாள். என் இழுப்பறையில்தான் கிடக்கிறது. தினமும் கொடுத்தாச்சா என்று கேட்கிறாள். வெள்ளிக்கிழமைக்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியாது.

எனக்குப் போன் செய்யாதே. அவளுக்குச் செய். அப்புறம் பேராசிரியருக்கு எழுது. அதன்பிறகு என் எண்ணைச் சேர்க்க அந்த ஃப்ரீசரின் கடவுச்சொல்லை அனுப்பு, அதையும் நீதானே வைத்திருக்கிறாய்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அவளையும் இருக்க விடு.

இன்னும் உன் தோழிதான்,
பக்கத்து மேசைக்காரி