யாருடைய காலணி என்று கேட்காதவர்கள்

அபட்ஸ்ஃபோர்ட்
மார்ச் கடைசி வாரம்

அன்பு மகள் ஜூடித்துக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் தயவால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் கடைவாய்ப் பல்லைத் தவிர வேறு குறை இல்லை, ஹாலிஃபாக்ஸில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பனி விலகிவிட்டது, ராஸ்பெரிக் கொடிகளைக் கட்டும் வேலை பாதி முடிந்தது. உனக்காக அம்மா பின்னும் கம்பளிச் சட்டையில் இன்னும் ஒரு கைதான் பாக்கி. பேருந்துக்கு நிற்கும்போது தலையை மூடிக்கொள், கடல்காற்று உனக்கு ஆகாது.

என் ஞாயிறு வகுப்பு என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். நிறுத்தப் பார்த்தார்கள். வேறு யார், மூப்பர் கார்னீலியஸ் பென்னர்தான். வேதாகமப் பள்ளியின் தலைமைப் பொறுப்பு எனக்கு வர இருந்த சமயத்தில், "ஐசக்குக்குப் படிப்பு இருக்கு, ஈரம் இல்ல" என்று ஒரே வாக்கியத்தில் என்னை வெளியே தள்ளியவர். அதை நான் மறக்கவில்லை. மிச்சமாக எனக்கு வீசப்பட்டதுதான் இந்தப் பிள்ளைகளின் வகுப்பு, இந்த ஊரில் எனக்கென்று மிஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான். மற்ற மதத்தார் எப்படி வழிபடுகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துக் கற்போம் என்று நான் தொடங்கியதும், "நம்ம வேதத்தையே இதுங்க திறக்கிறதில்ல, அடுத்தவங்க வீட்டு அடுப்படியில இதுங்களுக்கு என்ன வேலை?" என்று சபைக் கூட்டத்தில் கேட்டார். கடைசியில் தானும் எங்களோடு சீக்கியர்களின் குருத்வாராவுக்கு வருவதாகவும், தனக்குச் சரிப்படாவிட்டால் வகுப்பு அன்றோடு முடிந்தது என்றும் தீர்மானம் ஆக்கிவிட்டார்.

போன அன்று, வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று அம்மா புகைபோட்ட பன்றி இறைச்சி சாசேஜ் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். வாசலை ஒட்டிய காலணி அறையில் இருந்தபடியே அதைப் பார்த்துவிட்ட ஜஸ்வீர் கில், "ஹெல்காகிட்ட சொல்லுப்பா, இங்க முட்டைகூட உள்ள வராது, வண்டியிலயே வச்சிட்டு வா" என்று அம்மாவுக்குச் சேதி சொல்லிச் சிரித்தார். ஜஸ்வீர் என் பல் மருத்துவர். அன்று தரையில் சம்மணமிட்டு, மடியில் துணியோடு, வருகிறவர்கள் கழற்றிக் கொடுத்த காலணிகளைச் சேவையாக ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். என் சேற்றுப் பூட்ஸைத் திருப்பிப் பார்த்து, "உன் பல்லுக்கு இது பரவால்ல" என்றார். என் வகுப்பில் டிரினா என்று ஒரு வாயாடி உண்டு. எது யாருடையது என்று தெரியுமா என்று அவள் கேட்டதற்கு, "தெரிஞ்சா சிலதை ஓரமா தள்ளிருவேனேம்மா" என்றார்.

ஜூடித், அந்தப் பதில் என்னைச் சும்மா விடவில்லை. பெரிய வியாழனன்று நம் சபையில் ஒருவர் காலை ஒருவர் கழுவுகிறோம், ஆனால் யாருடைய காலை என்பதை நாமே தேர்ந்துகொள்கிறோம். நான் ஹாங்க் ரைமரோடு ஒரு பக்கம் உட்கார்வேன், பென்னர் தன் ஆளோடு எதிர்ச் சுவரோரம் உட்கார்வார். இயேசு சீடர்களின் காலைக் கழுவுகிற யோவானின் அந்த அதிகாரத்தைக் கிரேக்க மூலத்தோடு நடத்துகிறவன் நான். நாம் வசதியாகச் சுற்றிக்கொண்டு போகிற இடத்தின் வழியே இந்தச் சீக்கியர்கள் நேராக நடந்து போகிறார்கள். மேலே சாப்பாட்டுக் கூடத்திலும் அப்படித்தான், தோட்ட முதலாளியும் அவரிடம் பழம் பறிக்கிறவரும் ஒரே பாயில், ஒரே வாளிப் பருப்பு. நம் பிள்ளைகள் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார்கள், எவரும் அவர்களிடம் நீ யார் என்று கேட்கவில்லை.

நான் சீக்கிரமே இறங்கி வந்து ஜஸ்வீர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டேன். நாலைந்து ஜோடி ஆயிற்று. அடுத்து கைக்கு வந்தது பழுப்பு நிறத்தில், இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்தது. எத்தனை பெரிய வியாழன்களில் எதிர்ச் சுவரோரம் அதைப் பார்த்திருக்கிறேன். தள்ளி வைக்கலாம், யாருக்கும் தெரியாது. துடைத்தேன். தரையில் உட்கார முழங்கால் ஒத்துழைக்காமல் பாதியில் எழுந்து வந்த பென்னர், தலையில் கட்டிய ஆரஞ்சுத் துணி ஒரு காதில் தொங்க, காலுறையோடு வாசலில் நின்றார். "என்னுதுன்னு தெரிஞ்சா துடைக்கிற?" என்றார். தெரிஞ்சுதான் என்றேன். குனிந்து காலணியைப் பார்த்துவிட்டு, "அப்போ குதிகாலை ஏன் விட்டுட்ட?" என்றார். ஜஸ்வீர் வெடித்துச் சிரித்தார். நான் குதிகாலையும் துடைத்துக் கொடுத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, "வகுப்பு நடக்கட்டும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பழைய வாக்கியத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் இந்தப் பெரிய வியாழன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி ஹாங்கிடம் சொல்லிவிட்டேன். எதிர்ச் சுவர்ப் பக்கம் போய்ப் பென்னர் முன்னால் உட்காரப் போகிறேன், அந்த மனிதர் எழுந்து போனால் போகட்டும். இந்த ஆண்டு தண்ணீர் வைக்கும் பொறுப்பு அம்மாவுடையது. ஒரு பேசினில் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கட்டும், முழங்கால் வலிக்காரருக்கு என்றேன். பின்னிக்கொண்டே தலையாட்டினாள், யாருக்கு என்று கேட்கவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. உன் பல்லை யாரிடமாவது காட்டு, தள்ளிப் போடாதே.

உன் அப்பா,
ஐசக் தீசன்