மெஷினின் கண்ணில் வைத்த பொட்டு

1986, புரட்டாசி. ஆயுத பூஜைக்கு மறுநாள்.

தேதியைத் தப்பில்லாமல் எழுதிவிட்டேன். முதியோர் பள்ளிக்குப் போனதில் இது ஒரு பெரிய சந்தோஷம். ஆனால் இன்று மனம் சரியில்லை.

இஞ்சினியருக்குப் படித்து முடித்த என் மகன் வேலு, புளியில் கொட்டை எடுக்கும் மெஷின் செய்திருக்கிறான். அதில் ஒரு பக்கம் சின்ன பல்பு, எதிரே கண்ணாடிக் கண். நடுவில் யார் கையாவது போனால் கண்ணுக்கு வெளிச்சம் மறைந்து மோட்டார் நின்றுவிடும்.

ஒடுகத்தூர் புளி வியாபாரி பார்க்க வந்தார். வேலு ஸ்விட்சைப் போட்டான். மோட்டார் அசையவே இல்லை.

"இன்னா தம்பி, மெஷினுக்கு இன்னும் பூஜை லீவு முடியலியா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

"என் கணக்கே தப்பு நைனா. காலையில மொத பஸ்ல வேலூருக்குப் போய் வேற வேலை தேடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலு வெளியே போனான்.

பிறகுதான் குனிந்து பார்த்தேன். நேற்று பூஜையில் மெஷின் முழுக்கச் சந்தனம் வைத்தது நான். ஆசையில் அந்தக் கண்மேலும் அப்பியிருக்கிறேன். அத்தனை பொட்டுக்கு நடுவில் அது யாருக்கும் தெரியவில்லை. துடைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஓடியது.

திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அவன் தூங்கியதும் ஒரு தாளில் எழுதினேன்: "வேலு, உன் கணக்கு சரி. கண்ணை மறைத்தது நான்." எழுத்து ஒன்றும் தப்பில்லை. ஆனாலும் இதை வாயால்தான் சொல்ல வேண்டும். பஸ் வருவதற்குள் எழுப்பிச் சொல்லிவிடுகிறேன். திட்டினால் திட்டட்டும்.