ரேவதி ரூமில் இரண்டாவது தட்டு

9.6. திங்கள்

காலையிலேயே மண்டையைப் பொளக்குற வெயில். கேஸ் இன்னிக்கும் வரல. குடை ரிப்பேர், மறுபடி மறந்தாச்சு.

மத்தியானம் எடப்பாடியிலேர்ந்து ரேவதியோட வீட்டு ஓனரம்மா போன். எங்க அனாதை இல்லத்துல வளந்து வெளிய போன புள்ளைகள்ல ரேவதிதான் கடைசி. பதினெட்டு முடிஞ்சாச்சு. துண்டு கம்பெனியில பேக்கிங் வேலை, இந்தம்மா மாடியில ஒத்த ரூம். தனியாப் போன புள்ளைகளை அப்பப்ப பாத்துட்டு வர்றது என் வேலை.

ஓனரம்மா குரலைத் தாழ்த்திக்கிட்டு, "ஏனுங்க, ஒத்தப் புள்ளைன்னுதான ஊடு உட்டோம்? பொழுதானா ரெண்டு தட்டுல சோறு போடுதுங்க. ஒண்ணு அது திங்குது. இன்னொண்ணு ஆருக்குங்க?"

நல்லாக் கவனிங்க, தப்பாப் பட்டா நானே காலி பண்ண வெக்கிறேன்னு சொல்லிட்டேன். எனக்கு என்ன அவ்வளவு அவசரம்? அந்த ரூமுக்காக எத்தனை வாசப்படி ஏறியிருப்பேன். அப்பா பேரு கேப்பாங்க, அம்மா ஊரு கேப்பாங்க, கடைசியில ரூம் இல்லைம்பாங்க. இதுவும் போச்சுன்னா அவளுக்குப் போக இடமில்ல. வயசு தாண்டினவளை இல்லத்துல திரும்ப எடுக்க மாட்டாங்க.

யாரா இருக்கும்? கம்பெனி ஆளா?

11.6. புதன்

சொல்லாமக் கொள்ளாமப் போனேன். எந்தப் புள்ளையைப் பாக்கவும் அப்படித்தான் போறது. சொல்லிட்டுப் போனா ரூமு மட்டுமில்ல, மூஞ்சியையும் துடைச்சு வெச்சிருக்கும்ங்க.

பஸ்ஸுல நிக்க இடமில்ல. தாரமங்கலத்துல ஒருத்தன் கோழிக் கூடையோட ஏறி என் கால் மேலயே வெச்சுட்டான்.

ரேவதிக்கு ஓவர்டைமாம், ரூம் பூட்டி இருந்துச்சு. இன்னொரு சாவி இருக்கு, திறக்கட்டுங்களான்னு ஓனரம்மா. வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல.

பாய் ஒண்ணு. தலகாணி ஒண்ணு. தட்டு ரெண்டு, கழுவிக் கவுத்தது. ஆம்பளத் துணி இல்ல, பீடி நாத்தம் இல்ல. இவ்வளவு சுத்தமா இருக்கே, அதுவே சந்தேகம்.

கீழ வந்து ஓனரம்மாவோட காபி. புதுசாக் கல்யாணம் ஆனவ கணக்கா அந்தத் தட்டை மூடி வெச்சுட்டு உக்காந்திருக்குமாம். அந்தம்மாவுக்கு மாடியேறிச் சன்னல்ல எட்டிப் பாக்குறதை விட்டா வேற பொழப்பில்ல. நான் மட்டும் என்ன ஒழுங்கு.

கடைசி பஸ் போயிடும்னு அவ வர்றதுக்குள்ள கிளம்பிட்டேன்.

13.6. வெள்ளி

ரேவதிக்குப் போன். சுத்தி வளைச்சுக் கேட்டேன்: சமையல் எப்படி, தனியா இருக்கப் பயமா, யாராச்சும் வந்து போறாங்களா.

"வர்றேன்னு சொன்னவங்களே வர்றதில்லக்கா."

குரலே ஒரு மாதிரி. யாருடி அதுன்னு கேக்குறதுக்குள்ள சூப்பர்வைசர் கூப்பிடுறார்னு வெச்சுட்டா.

சூப்பர்வைசர்! அவனா? வயசு என்ன? கல்யாணம் ஆனவனா? ரசத்துக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன்.

15.6. ஞாயிறு

பூசை முடிஞ்சதும் பஸ். லேசாத் தூறல். பாதி வழியில ஓனரம்மா போன்: காலையில ரேவதியை நிக்க வெச்சு, நாங்க ரூமைத் திறந்து பாத்ததையும் சொல்லி, அடுத்த மாசம் காலி பண்ணச் சொல்லியாச்சாம். "நீங்களே வந்து ரூமைப் பாத்தீங்க, நீங்களேதானுங்க சொன்னீங்க"ன்னாங்க. என் வாயில கொழுக்கட்டை இருந்திருக்கக் கூடாதா.

போய்ச் சேந்தப்ப சாப்பாட்டு நேரம். கதவு திறந்தே இருந்துச்சு. ரெண்டு தட்டு. ஒண்ணு மூடி வெச்சது. வாசல்ல நின்னுக்கிட்டே, யாருக்குடி இதுன்னு கத்திட்டேன்.

"உங்களுக்குத்தான்."

இல்லத்துல இன்னும் வராதவங்களுக்கு எடுத்து மூடி வெச்சுட்டுத்தான் மத்தவங்க சோத்துல கை வைக்கணும். படிச்சுப் படிச்சுச் சொன்னது நாங்கதான். இவளைக் குடி வெச்ச அன்னிக்கு, எந்த நேரமும் வருவேன்னு சொல்லிட்டு வந்தேன், அதுக்கப்புறம் அவ இருக்கறப்ப ஒரு தடவை கூட வரல. ஒழுங்கா இருக்கணும்னு மிரட்டினது. அவ அதை விருந்தாளி வர்ற சேதியா எடுத்துக்கிட்டா.

வெக்கமாப் போச்சு. ஓனரம்மாகிட்ட நான் பேசறேன்னு படியிறங்கத் திரும்பினேன். கையைப் பிடிச்சு உக்கார வெச்சா. "நீங்க சாப்பிடுங்க. என் ரூமு, நான் பேசிக்கறேன்."

இறங்கிப் போனா. மேல நான் சோத்துல கை வெச்சேன், காது மட்டும் கீழ. ஓனரம்மா சத்தம் முதல்ல. அப்புறம் இவ குரல், அழுகை இல்ல, கத்தல் இல்ல. அந்தத் தட்டுக்குச் சொந்தக்காரங்க மேல சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, வந்து பாருங்கங்கறா. ஓனரம்மா படியேறி வந்து எட்டிப் பாத்தாங்க. வாய் நிறையச் சோத்தோட நான். "அட, நீங்களாங்க"ன்னு ஒரு சிரிப்பு. "சரி, இருந்துக்க சாமி."

அவங்க திரும்பறதுக்குள்ள இவ கையை நீட்டி அந்த இன்னொரு சாவியைக் கேட்டா. ஓனரம்மா என்னைப் பாத்தாங்க. நான் தட்டைப் பாத்தேன். கொடுத்துட்டாங்க.

சாவியை வாங்கி வெச்சுட்டு வந்து எனக்கு ரசம் ஊத்தினா.

"இனிமே வர்ற அன்னிக்குச் சொல்லிட்டு வாங்கக்கா. தினம் காலையில பழைய சோறு திங்க முடியல."