கழுவி வந்த கிண்ணம்

1983 ஆனி, வெள்ளிக்கிழமை

இன்று ஐஸ்கிரீம் செய்திருக்கவே கூடாது. ஆனால் மனம் சரியில்லாத நாளில் சின்ன வயதிலிருந்து எனக்கு அதுதான் வேண்டும். மீன் சந்தை ஐஸ்காரர் கேட்டதைவிடப் பெரிய கட்டியைச் சாக்கில் சுற்றித் தந்தார். "கொண்டுபோங்கோ பிள்ளை, ஊர்க் கலவரத்தில ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லை" என்றார்.

ஐஸில் உப்புப் போட்டு, ஐஸ்கிரீம் வாளியின் கைப்பிடியைத் தனியாகச் சுற்றியதில் தோள் வலித்தது. வழக்கமாகப் பக்கத்து வீட்டுச் சோமா அக்கா வந்து மாறிச் சுற்றுவார். சிங்களப் பெண், கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. இன்று கூப்பிட்டும் வரவில்லை.

மதிலுக்கு மேலால் அவர்களுக்கு ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தேன். நான் அரிசி களைந்து முடிக்குமுன் கிண்ணம் திரும்பி வந்துவிட்டது. கழுவித் துடைத்து, வெறுமையாக. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எந்தப் பாத்திரமும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒரு தேசிக்காயாவது இருக்கும்.

"பிள்ளையளுக்குப் பிடிச்சுதோ அக்கா?"

"ஓம், நல்லா இருந்தது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு மெதுவாக, "கதவை வடிவாப் பூட்டிப் படுங்கோ நங்கி" என்றார். தங்கச்சி என்பதை அவர் தன் பாஷையில் அப்படித்தான் சொல்வார்.

நான் கிண்ணத்தைக் குசினிக்குள் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரம் கிணற்றடிக்குப் போனேன். அவர்கள் வீட்டுக் கழிவுநீர்க் கான் எங்கள் பக்கம் திரும்பும் இடத்தில் வெள்ளையாக ஏதோ தேங்கியிருந்தது. எறும்பு மொய்த்துக் கிடந்தது. குனிந்து பார்த்தேன், வனிலா மணம்.

தமிழர் எங்கள் கையால் ஒன்றும் தின்னவேண்டாம், நஞ்சிருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மிச்சம் குசினியில் உருகிக்கொண்டிருக்கிறது. நான் செய்ததுதான். எனக்கே இப்போது வாயில் வைக்கப் பயமாக இருக்கிறது.