பெட்டி கழற்றிய பிக்கப்பில் எனக்கு எங்கே இடம்

2025 தை 21, செவ்வாய்

பிக்கப்பின் பின்பெட்டியைக் கழற்றப் போகிறார்களாம். மகள் விமலேஸ்வரி குசினி வாசலில் நின்று சொன்னாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. சிரட்டையையும் சேர்த்துத் துருவிவிட்டேன் போலிருக்கிறது, சம்பல் கறுப்பாக வந்தது.

எல்லாம் வெட்டு மெசினுக்காக. நெல் வெட்டும் சின்ன மெசினை ட்ரெயிலரில் ஏற்றி வயல் வயலாக இழுத்துப் போவதுதான் மருமகனின் தொழில். போன போகம் பின்னால் பாரம் கூடி, கிறவல் ரோட்டில் பிக்கப்பின் முன்சில்லுகள் நிலத்தில் படாமல் மிதந்தனவாம். இனிப் பெட்டிக்குப் பதில் சுவர் இல்லாத இரும்புத் தட்டு. அதன் நடுவில், பின்சில்லுகளுக்கு நேர்மேலே, ஒரு இரும்புக் குண்டு. ட்ரெயிலரின் கழுத்து மேலால் வளைந்து வந்து அந்தக் குண்டில் உட்காருமாம். அப்போது வாகனம் தலை தூக்காதாம்.

நல்லது. ட்ரெயிலர் உட்காரும். நான் எங்கே உட்காருவது?

பெட்டிக்குள் பிளாஸ்டிக் கதிரையை நைலோன் கயிற்றால் கட்டி, அதில் இருந்துதான் பத்து வருடமாக ஒட்டுசுட்டான் சந்தைக்கும் கோயிலுக்கும் ஆசுப்பத்திரிக்கும் போய் வருகிறேன். முன்னால் இருந்தால் தலை சுற்றிச் சத்தி வரும் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். சத்தியாவது கித்தியாவது. மருமகன் பிரதாபனுக்குப் பக்கத்தில் இருக்க எனக்கு விருப்பமில்லை. அவரோடு நான் கதைப்பதில்லை.

தை 22, புதன்

காரணத்தையும் எழுதி வைக்கிறேன். நான் செத்த பிறகு அவர் மாற்றிச் சொல்லக்கூடும்.

2014 ஆவணி 31, ஞாயிற்றுக்கிழமை. பேத்தி சாரங்கா பெரியபிள்ளையான சாமத்திய வீடு. நாலு மணித்தியால வீடியோ. அதில் நான் இல்லை. ஆலாத்தி எடுக்கும் இடத்தில் ஒரு வலக்கை மட்டும் வருகிறது. காப்பை வைத்துச் சொல்கிறேன், அது என்னுடைய கை. ஐஸ்கிரீம் கொடுத்தவன்கூட மூன்று தரம் வருகிறான்.

"மாமி வாற இடமெல்லாத்தையும் வெட்டி விடுங்கோ" என்று மருமகன் வீடியோக்காரனுக்குச் சொன்னதை என் காதால் கேட்டேன். அன்று மூடிய வாய்.

வெளியில் ஒருவருக்கும் தெரியாது. கோயிலில் பக்கத்தில் நின்றுதான் கும்பிடுவோம். வீட்டுக் கோபத்தை வீட்டுக்குள் வைத்திருக்க எனக்குத் தெரியும்.

தை 24, வெள்ளி

காலையிலேயே கச்சான் கடலை ஒரு சுளகு எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறி என் கதிரையில் இருந்துவிட்டேன். மருமகன் ஸ்பனரோடு வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு வேலியோரம் நின்ற ஆட்டைப் பார்த்தார்.

"நேரம் போகுது. இறங்கினால் போல்டைக் கழட்டலாம்" என்றார் ஆட்டிடம்.

நானும் ஆட்டுக்குத்தான் சொன்னேன். "கச்சான் உடைச்சு முடியேல்லை."

விமலேஸ்வரி தலையில் கை வைத்தாள். "அந்த வாயில்லாச் சீவனை ஏன் ரெண்டு பேரும் பாடாப்படுத்திறியள்? அம்மா, இறங்குங்கோ!"

பத்தரைக்கு இறங்கினேன். கச்சான் முடிந்தபடியால்.

தை 25, சனி

பெட்டியைக் கழற்றி மாட்டுக் கொட்டிலடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். நான் பார்க்கப் போகவில்லை. இரண்டு தரம்தான் போனேன்.

தை 30, வியாழன்

இன்று ஒரு வேலை பார்த்தேன்.

பிக்கப் இப்போது ஒட்டுசுட்டானில் கணபதியின் வெல்டிங் கடையில் நிற்கிறது. விமலேஸ்வரி குளிக்கப் போன நேரம் அவளுடைய போனில் கணபதியைக் கூப்பிட்டேன்.

"தம்பி, மருமகன் சொல்லச் சொன்னவர். தட்டிலை ஒரு கதிரை நிக்கிற மாதிரி நாலு கம்பி நட்டு, சுத்திவரப் பிடி போடட்டாம்."

"எவ்விடத்திலை ஞானேஸ்வரியக்கா?"

"நட்டநடுவிலை." நடுவில் பாரம் இருந்தால் வாகனம் தலை தூக்காது என்று அவர்கள்தானே சொன்னார்கள்.

"அதிலை குண்டு வருமே?"

"குண்டு கீழை இருக்கட்டும், கம்பி மேலை நிக்கட்டும். அவருக்குத் தெரியாததே?"

கணபதி ஒரு மூச்சு யோசித்தான். பிறகு, "சரி அக்கா, அவர் சொன்னால் சரிதான்" என்றான். நம்பாமல் என்ன செய்வான்? மருமகனும் மாமியும் கதைக்காமல் இருப்பது அவனுக்குத் தெரியாது.

இரவு பிட்டு நன்றாக இறங்கியது.

மாசி 3, திங்கள்

அழகம்மா வந்து போனாள். மலையகத்திலிருந்து சின்ன வயதில் வந்து, காட்டோரத்தில் குடியிருப்பவள். தனி மனுசி, இரண்டு ஏக்கர் வயல். நெல் முற்றிக் குனிந்துவிட்டது. பக்கத்து வயலுக்குள் நேற்று யானை இறங்கியிருக்கிறது.

"எப்பங்க வருவீங்க? யானைக்கு நா வரிசையெல்லாம் சொல்ல முடியாதுங்க" என்றாள்.

"நாளைக்குப் பிக்கப் வந்திடும். புதன் விடிய உங்கடை வயலிலை நிப்பன்" என்று மருமகன் வாக்குக் கொடுத்தார்.

மாசி 4, செவ்வாய்

பிக்கப் வந்தது. கறுப்புப் பெயின்ற், பூப்போட்ட தகடு. நடுவில் நாலு தடித்த கம்பிகள், சுற்றிவரப் பிடி. சாமி காவும் பல்லக்குப் போல வடிவாக இருந்தது. மருமகன் இறங்கி நேரே கை கழுவப் போனார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மாசி 5, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

விடிய ட்ரெயிலரைக் கொழுவப் பார்த்தார்கள். கழுத்து வளைந்து வந்து என் பிடியில் முட்டி நின்றது. குண்டுக்கு இறங்க வழியில்லை. எனக்கு எப்படித் தெரியும்? குண்டு என்றால் கீழே எங்கேயோ தன்பாட்டில் கிடக்கும் என்று நினைத்தேன். கழுத்து அவ்வளவு தடிப்பு என்று ஒருத்தரும் சொல்லவில்லையே! கேட்டனானோ? கேக்கேல்லை.

கணபதியின் கடை பூட்டு. செத்த வீடொன்றுக்கு வவுனியா போய்விட்டானாம். மருமகன் இரும்பு வெட்டும் கைவாளை எடுத்துக்கொண்டு தட்டில் ஏறினார்.

மத்தியானம், தானும் அந்தச் செத்த வீட்டுக்குப் போகிற வழியில் கணபதியின் பெண்சாதி சுதர்சினி மிச்ச நட்டுகளைத் தர வந்தாள். அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். வாள் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"உங்கடை மருமகன் தங்கமான மனுசன் அக்கா. உந்தக் கம்பியைப் பாத்திட்டு முதல் முழிச்சவர். அக்காதான் போனிலை சொன்னவா எண்டு இவர் சொன்னார். உடனை, 'ஓம் ஓம், நான்தான் மாமியைச் சொல்லச் சொன்னனான், மறந்துபோனன்' எண்டார். மாமிக்குக் கதிரை கட்டிற மருமகன் இந்தப் பக்கத்திலை ஆர் இருக்கினம்?"

தேத்தண்ணி எனக்குப் புரைக்கேறியது.

என்னைப் பொய்க்காரி ஆக்கியிருக்கலாம். கணபதிக்கு முன்னால், கடையில் நின்ற சனத்துக்கு முன்னால், ஒரு சொல்லில். அப்போதே அங்கேயே வெட்டுவித்தும் இருக்கலாம். செய்யவில்லை. என் மானத்தைத் தட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தனியாக இருந்து வெட்டுகிறார்.

சுதர்சினி போனதும் கொட்டிலடிக்குப் போனேன். ஒரு கம்பிதான் விழுந்திருந்தது. இரண்டாவது கம்பி அதிர்ந்து அதிர்ந்து வாளைக் கடித்தது. அவருடைய உள்ளங்கை கொப்பளித்திருந்தது. ஆடு பக்கத்தில்தான் நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை.

"இப்பிடி வெட்டினால் நாளைக்கும் முடியாது" என்றேன் அவரைப் பார்த்து.

வாள் நின்றது.

"அப்ப கம்பியை இறுக்கிப் பிடியுங்கோ மாமி."

பிடித்தேன். விமலேஸ்வரி அரிசி கழுவிய சட்டியோடு வந்து பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனாள். பொழுதுபட நாலும் விழுந்தன.

மாசி 6, வியாழன்

ட்ரெயிலர் கொழுவியது. மெசின் ஏறியது. நானும் வருகிறேன் என்றேன். தட்டில் ஒரு கைப்பிடிகூட இல்லை. விமலேஸ்வரி முன்கதவைத் திறந்து, "ஏறுங்கோ. நான் வரேல்லை" என்றாள். ஏறினேன். வாகனம் தலை தூக்கவில்லை, அது உண்மை.

அழகம்மாவின் வயலில் ஒரு மூலை இரவோடு இரவாக மிதிபட்டுக் கிடந்தது. நேற்று வெட்டியிருந்தால் அதுவும் நெல்.

"யானைக்குப் பங்கு குடுத்தாச்சுங்க. மிச்சத்த வெட்டுங்க" என்று சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "பிழை என்ரை" என்றேன். முழுக்கதையும் சொன்னேன், பல்லக்கு உட்பட. இன்னும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதாது. யார் யார் என்ன செய்தார்கள் என்று மனதில் ஒரு வரிசை வைத்திருக்கிறேன், அதில் இன்றைக்கு என் பெயரையும் சேர்த்தேன்.

வரும் வழியில் வீடியோ கதையைக் கேட்டேன். வாய் திறந்த பிறகு எதற்கு மிச்சம் வைப்பது?

"ஓம் மாமி, நான்தான் சொன்னனான்" என்றார். "ஒவ்வொரு காட்சியிலையும் நீங்கள் கமராவுக்கு முன்னாலை நிண்டு, என்ரை அக்காவின்ரை சீலையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தீங்கள். சத்தத்தோடை பதிஞ்சிருந்தது. அக்கா கேட்டிருந்தால் ரெண்டு குடும்பமும் முறிஞ்சிருக்கும்."

அந்தச் சீலை எனக்கு நினைவிருக்கிறது. பச்சை. நான் சொன்னதும் நினைவிருக்கிறது. பிழையாக ஒன்றும் சொல்லவில்லை.

மன்னிக்கவில்லை. கதைக்கிறேன், அவ்வளவுதான்.

மாசி 20, வியாழன்

இன்றும் மூன்று வயல். அவர் ஓட்டுகிறபோது போன் எடுக்கக் கூடாது என்று போனை என்னிடம் தந்துவிட்டார். யார் எப்போது கூப்பிட்டார்கள், யாருக்கு எந்த நாள், எல்லாம் என் தலையில்தான். கொப்பி தேவையில்லை.

பத்து மணிக்கு வீரகத்தி கூப்பிட்டார். 2009இல், யுத்தம் முடிந்து இருந்த முகாமில், தண்ணீர் வரிசையில் என் வாளியைக் காலால் தள்ளிவிட்டு முன்னால் போனவர்.

"வாற வியாழன்தான் வரலாம்" என்று சொல்லி வைத்தேன்.

"மாமி, செவ்வாய் சும்மாதானே நிக்கிறம்?" என்றார் மருமகன்.

"எனக்குத் தெரியும்."

கிறவல் ரோட்டில் திரும்பும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார், பிறகு ஸ்டியரிங்கில் தலை முட்டச் சிரித்தார்.

"ரோட்டைப் பாத்து ஓடுங்கோ" என்றேன்.