மூடுபனியில் பார்த்த பச்சை

அன்புள்ள ஆன்மேரிக்கு,

ஆறு நாள் மூடுபனிக்குப் பிறகு நேற்றுதான் ஏற்காட்டில் வெயில் அடித்தது. கழுத்து வலிக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

மாதா கோயிலில் மண்டியிட நாம் தைக்கும் முழங்கால் மெத்தையில், உன் பாதியின் காப்பி இலைகளுக்குக் கரும்பச்சை ஓர் இழை, இளம்பச்சை ஓர் இழை என ஒரே ஊசியில் கோத்திருந்தாய். என் பாதியோடு நிறம் சேரவில்லை என்று எல்லார் முன்னாலும் உன் தையலைப் பிரிக்கத் தொடங்கினேன்.

"வெயில் வரட்டும்டி, அப்புறம் பிரிக்கலாம்" என்றாய்.

"உனக்குக் கண்ணு நொம்ப மங்கிப்போச்சு" என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். மீதியையும் நான் பிரித்து முடித்தேன்.

நேற்று மெத்தையை வாசலில் விரித்தேன். பச்சை என்று நான் தைத்த இலைகள் அத்தனையும் நீலம்.

அப்போதிருந்து குனிந்து உட்கார்ந்து என் பாதியையும் பிரித்து முடித்தேன். சுருண்டு கிடந்த உன் கம்பளி நூலைச் சோற்றுப் பானை ஆவியில் காட்டி, நீவி, அட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். இப்போது இரண்டு பாதியிலும் துணியின் வெறும் ஓட்டைகள்தான். குறுக்குத் தையலோ சாய்வுத் தையலோ, முதல் இலையை நீ வந்து தை. நான் ஊசி கோத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
கண் மங்கிப்போனவள்