நீ நிற்க வேண்டிய இடத்தில் கோட் ஸ்டாண்டு

செல்லக்குட்டிக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, உன் தம்பி இப்போதுதான் தூங்கினான். உன் இருமல் விட்டதா? இங்கே என் கவலையைத் தவிர எல்லோரும் நலம்.

லீவுக்கு வருவது சந்தேகம் என்று நீ எழுதியதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை, எல்லோரையும் இழுத்துக்கொண்டு குடும்பப் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனேன். பெண் இல்லாமல் எப்படி என்று கேட்டதற்கு ஸ்டுடியோக்காரர், "இடம் விட்டு நில்லுங்கம்மா, அப்புறம் கம்ப்யூட்டர்ல சேத்துடலாம்" என்றார். உன் தோளில் போடுகிற மாதிரி காற்றில் கையை வைத்தேன். உன் உயரம் எவ்வளவு என்று அங்கேயே சண்டை, அப்பா தன் காதுவரை என்கிறார், நான் தோள்வரை என்கிறேன், தம்பி தன்னைவிடக் குட்டை என்று சத்தியம் பண்ணுகிறான். என் கை மரத்துப்போய், கடைசியில் பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கோட் மாட்டிவைக்கும் ஸ்டாண்டை இழுத்து வந்து கைக்கு முட்டுக் கொடுத்தார்கள். அவசரக்குடுக்கை உன் அப்பா நேற்று அந்தப் படத்தையே ஃப்ரேம் போட்டு முன்னறையில் மாட்டிவிட்டார். நான் ஒரு கம்பியை அணைத்துக்கொண்டு பூரித்துச் சிரிக்கிறேன். எதிர்வீட்டு அக்கா யாரிது என்று கேட்டால், "எங்க பெரியவதான், ஹாஸ்டல் சாப்பாட்டுல இப்படி இளைச்சுட்டா" என்கிறார் அப்பா. அந்த அக்காவும் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

ஒட்டுவதற்கு உன் படம் தேடி ஆல்பங்களை இறக்கினேன். அப்பாவோடு நீ, தம்பியோடு நீ, எதிர்வீட்டு நாயோடு மட்டும் ஏழு படம். என்னோடு ஒன்றுகூட இல்லை, எல்லாம் நான் எடுத்தது. நீ நடக்கப் பழகின படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல், பள்ளிக்கூட முதல் நாளில் தரையில் என் நிழல், கொண்டையோடு பிசாசு மாதிரி. நாளைக்கு உன் பிள்ளை, உங்கம்மா எப்படி இருந்தாங்க என்று கேட்டால் விரலையா காட்டுவாய்? போனில் ஆயிரம் இருக்கே என்கிறார் அப்பா. பழைய போன் வாளியில் விழுந்து நாலு வருஷப் படம் போனது அவருக்கு மறந்துவிட்டது. ஆல்பத்தில் பல்லி முட்டை போட்டிருக்கிறது, படம் அப்படியே இருக்கிறது.

ஒட்டுகிற வேலையே வேண்டாம் என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளுக்காவது வா, நாம் இருவர் மட்டும் நின்று ஒன்று எடுத்துக்கொள்வோம். எனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை, இப்போதே எடுத்தால்தான் உண்டு. அப்பா எடுத்துத் தலை வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, கை உன் தோளில் இருந்தால் போதும்.

நல்லா இரு, நிறைவாக இரு. வெந்நீர் குடி, ஈரத்தலையோடு படுக்காதே. எந்தத் தேதி வருகிறாய் என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா